கூடுமா மாமாவின் ஆட்டோ

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்த வந்த ஹஜ்ரத்துகளில் எவரும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் கூடுமா மாமாதான். சம்பளத்தில் குறையில்லை, சாப்பாடும் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போய்விடும். ஆனால் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஹஜ்ரத் திரும்பி உட்கார்ந்தால், முழங்கால் இடிக்கிற தூரத்தில் மாமா உட்கார்ந்திருப்பார். "ஹஜ்ரத், ஒரு விஷயம். இது கூடுமா?"

ஒரு காரியத்துக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டா என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்போம். மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள், அதுவும் கூடும் என்று பதில் வரும் எனத் தெரிந்தால் மட்டும். மாமா தினமும் கேட்டார். திருவாரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல் காயப்போடுவதற்கு. ஒருநாள் மாமா ஹஜ்ரத்திடம் கேட்டார். "ரோட்ல காஞ்ச நெல்லு என் டயர் இடுக்குல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துடுச்சு. அத எங்க கோழி கொத்தித் தின்னுடுச்சு. அந்தக் கோழிய நான் அறுத்துச் சாப்பிடறது கூடுமா?"

ஹஜ்ரத் கண்ணை மூடிக்கொண்டார். "கோழி கூடும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் டயரில் மிச்சமிருந்த நெல்லைக் குச்சியால் நெம்பி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து, வயல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.

புறம் பேசினால் பேசப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் ஹஜ்ரத் பயான் பேசினார். அன்று மாலையே மாமா தெருவில் வீடு வீடாக ஏறினார். "போன மாசம் டீக்கடையில உங்கள கஞ்சன்னு சொல்லிட்டேன். ஹலால் பண்ணிடுங்க." அதாவது, மன்னித்துப் பொறுத்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் தெருவில் நான்கு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. ஹஜ்ரத் அவரைக் கூப்பிட்டு, அவர்கள் காதுக்கு எட்டாத விஷயத்தை நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது, திட்டின இடத்திலேயே நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றார். மாமா டீக்கடைக்குப் போய் எல்லாரையும் புகழத் தொடங்கினார். ஊருக்குச் சந்தேகம் இன்னும் அதிகமானது.

இந்த மனிதர் கையில்தான் என் கல்யாணம் சிக்கியது.

எனக்கு வலிப்பு உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் வீட்டு வாசலிலேயே விழுந்தபோது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு என்னையும் அம்மாவையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போனது மாமாவின் ஆட்டோதான். எங்கள் வீட்டுக்கு வெளியே விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவரே. அதன்பின் மாத்திரையில் நான்கு வருடம் வராமல் இருந்தது. அம்மா அந்தச் சொல்லையே வீட்டில் தடை செய்திருந்தார். நிக்காஹ் ஆனபின் மாத்திரையைச் சீரக டப்பாவில் ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்வது என்று எனக்கு ஒத்திகை வரை நடந்திருந்தது.

குத்தாலத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. வருவதற்கு முதல்நாள் மாமா ஒரு துண்டுக் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஹஜ்ரத்கிட்ட பேரு சொல்லாமக் கேட்டுட்டேம்மா. சம்பந்தம் பேச வர்றவங்க விசாரிச்சா, தெரிஞ்சத மறைக்கக் கூடாதாம். தேவைக்கு மேல ஒரு சொல்லும் பேசக் கூடாதாம். எங்கிட்டக் கேட்டா என்ன சொல்லுவேன்னு எழுதியிருக்கேன். படிக்கிறேன், தப்பிருந்தா திருத்துங்க."

புறம் பேசுவதை முன்கூட்டியே வீடு தேடி வந்து படித்துக் காட்டிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அம்மா கெஞ்சினார். "நாளைக்கு ஒரு நாள் ஆட்டோ எடுக்காதீங்கண்ணே. வீட்ல படுத்துக்கங்க."

"படுக்கலாம்மா. மறைக்கறதுக்குன்னே படுத்தா, அந்தப் படுக்கை கூடுமா?"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் என்னைப் பெற்ற அத்தா, தன் மச்சானின் காரை எடுத்துக்கொண்டு, மாமாவுக்கு முந்தி அவர்களை ஏற்றிவர பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தார். ஆயுளில் நேரத்துக்கு வராத அந்த பஸ் அன்றைக்கு இருபது நிமிடம் முன்னால் வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் யார் ஆட்டோவில் ஏறினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வழியில் நடந்ததைப் பிற்பாடு என் மாமியாரே எனக்குச் சொன்னார்.

"அந்த வீட்டுப் பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டதும் மாமா ஆட்டோவை வாய்க்கால் ஓரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி நின்றுகொண்டாராம். காகிதத்தைப் பிரித்தாராம். "புள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாத்திரை போடுது, நாலு வருஷமா வரல. கல்யாணம் பண்ணலாம்னு டாக்டர் சொன்னத இந்தக் காதால கேட்டேன். நல்ல புள்ள. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தா உங்கள இந்த ஆட்டோவுல ஏத்தியிருக்க மாட்டேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

"வாய்க்கும் மாத்திரை இருக்குதுங்களா?"

"அதுக்கு இல்லம்மா."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "மாத்திரை எத்தன மணிக்கும்மா போடுவே?" "காலையில எட்டு, ராத்திரி எட்டு" என்றேன். எழுந்து போனார்கள்.

பதினோரு நாள் சேதியே இல்லை. அம்மா மாமாவைக் கண்டால் கதவைச் சாத்தினார். மாமா பாவம், எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஆட்டோ ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. மாப்பிள்ளை தானே ஒரு டாக்டரிடம் போய் எல்லாம் கேட்டுவிட்டாராம். அவர் அம்மா சொன்னார். "பின்னால தெரிஞ்சிருந்தா உங்க பேச்சு எதையுமே நம்பியிருக்க மாட்டோம். இப்ப எல்லாத்தையும் நம்பறோம்."

கல்யாணத்தன்று எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்தபின்னும் மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா போனார்.

"உங்க மனசு நோகப் பேசுனவன். நான் இங்க சாப்பிடறது கூடுமாம்மா?"

"கூடும்ண்ணே. உக்காருங்க." அம்மா தன் கையாலேயே பரிமாறினார். பரிமாறி முடித்து அடுக்களைக்குள் போய் அழுதார்.

இப்போது குத்தாலத்தில் தினமும் இரவு எட்டு மணிக்கு மாமியார் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைப்பார். எங்கள் வீட்டுச் சீரக டப்பாவில் சீரகம்தான் இருக்கிறது.

இதை எழுதுமுன் மாமாவுக்கு போன் செய்தேன். "உங்களப் பத்திப் பத்திரிகையில எழுதப் போறேன் மாமா. கூடுமா?" கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அஸருக்குப் பின் கூப்பிட்டார். "உள்ளத உள்ளபடி எழுதினா கூடும்னாரும்மா. அதிகமா மட்டும் எழுதிடாத."

முதல் பாராவில் ஹஜ்ரத்துகள் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன் மாமா. உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை ரொம்பக் குறைத்து எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஹலால் பண்ணிடுங்க.