பச்சையப்பன் சுட்ட எழுத்துகள்

‘ஏ’யின் வாலைக் காணவில்லை. வால் போனதால் அது ‘எ’ ஆகிவிட்டது. முறத்தில் இப்போது இரண்டு ‘எ’.

பச்சையப்பன் முறத்தை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேற்று எண்ணெயிலிருந்து எடுத்தபோது வால் முழுசாக இருந்ததை அவன் கண்ணால் பார்த்தவன்.

"மங்கை, இங்க வா. இதோட வாலு எங்க?"

நாலு வயது மகள் அலர்மேல்மங்கை வாயைத் திறக்காமல் தோளை மட்டும் குலுக்கினாள். வாயைத் திறந்தால் வால் தெரிந்துவிடும்.

"அதுக்குத்தான் சொன்னேன், வேப்பங்கட்டையில எழுத்து செய்யினு," என்றாள் உள்ளேயிருந்து அவன் மனைவி தாட்சாயணி. "வெல்லத்துல செஞ்சி வெச்சிட்டு வாலு எங்கன்னா?"

வெல்லத்துக்கு அவன் ஆசைப்பட்டு வரவில்லை. முதலில் பலகை வாங்கிக் கொடுத்தான். மங்கை பலப்பத்தைத் தின்றுவிட்டாள். மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னான். அதைத் தெருப்பூனை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி ‘அ’ போட்டான். ‘அ’வின் பாதி மங்கையின் மூக்குக்குள் போய், நகரித் தெருவே கூடித் தும்ம வைத்தது. கடைசியில்தான் அரிசி மாவும் வெல்லப்பாகும் பிசைந்து, பாம்பாக உருட்டி, எழுத்தாக வளைத்து, எண்ணெயில் சுட்டு முறத்தில் அடுக்கினான்.

இத்தனையும் நெசவு மேஸ்திரி பாலசுந்தரத்தின் ஒரு சொல்லுக்காக. "பொட்டப் புள்ளைக்கு எழுத்து எதுக்குடா பச்சை? சரஸ்வதி பூஜையன்னிக்கு நானே வந்து கேக்கறேன். சொல்லுச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு நானே கையப் புடிச்சி இட்டுகினு போறேன். சொல்லலன்னா மறுநாளு எங்க வூட்டு ராட்டினத்துல நூலு தார் சுத்த உக்கார வை." பச்சையப்பன் தறியில் உட்கார்ந்தபடியே சரி என்று சொல்லித் தொலைத்திருந்தான்.

வீட்டில் ஒரு சட்டமும் போட்டிருந்தான். எழுத்து என்றால் சரஸ்வதி. பூஜை முடியும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. தப்பித்தவறி ஒரு எழுத்து வேண்டாமென்று ஆனாலும் அதைக் குப்பையில் போடக்கூடாது, ஆட்டுக்கும் போடக்கூடாது. படிக்கிற பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் எதிர்க்கடை கங்கையா வந்தான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். சேதி கிடைத்தால் பஞ்சரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருகிறவன்.

"சேதி தெரியுமா பச்சை? எல்லைத் தகராறு முடிஞ்சிபோச்சு. நம்ம ஊரு ஆந்திராவோடயே நின்னுட்சாம்."

ஆந்திரா தனி ராஜ்யமாகி, நகரி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊரே கத்திக்கொண்டிருந்த காலம் அது. பச்சையப்பன் வாசலுக்கு வந்தான்.

"யாரு சொன்னது?"

"மேஸ்திரி சொன்னதாம். சித்தூருக்கும் ஊருக்கும் நடையா நடக்கறாரே, அவருக்குத் தெரியாதா?"

"அதான பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. நான் தமிழ் எழுத்தச் சொல்லிக் குடுத்துகினு இருப்பேன், அவரு வந்து தெலுங்குல கேப்பாரு."

"போய்க் கேளேன்."

"பந்தயம் கட்டினவங்கிட்டயா? நல்லா இருக்குதே நீ சொல்றது."

தமிழ் எழுத்து அத்தனையும் வேண்டாததாகிவிட்டது. சட்டம் சட்டம்தான். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி மங்கை வாயில் போட்டான். அவளும் பேர் சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் தறியை நிறுத்திவிட்டுத் தெலுங்கு எழுத்து சுட்டான். தெலுங்குக்கு வளைவு ஜாஸ்தி. வெல்லம் குடம் குடமாய் இழுத்தது.

முறம் நிறைந்து, எண்ணெய் வடிவதற்குள் கங்கையா மறுபடி வாசலில் நின்றான்.

"மாத்திட்டாங்களாம் பச்சை. மெட்ராஸோட சேத்துட்டாங்களாம்."

"யாரு?"

"மேஸ்திரிதான். இன்னைக்குக் காலையில சொன்னாராம்."

தாட்சாயணி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஊரு இன்னா ஊஞ்சலா? அந்தாண்ட ஒருவாட்டி இந்தாண்ட ஒருவாட்டி போறதுக்கு?"

தெலுங்கும் மங்கை வயிற்றுக்குப் போயிற்று. மீண்டும் தமிழ். மீண்டும் கங்கையா. மீண்டும் தெலுங்கு. இதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவி, வீட்டுக்கு வீடு எழுத்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். தறிச் சத்தம் நின்று எண்ணெய்ச் சத்தம் கேட்டது. எறும்புகள் ஏகாம்பரகுப்பத்திலிருந்தே சாரை சாரையாகக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். புத்தூர்ச் சந்தையில் வெல்லம் என்று கேட்டவனை வியாபாரிகள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பச்சையப்பன் ஒரு யோசனை செய்தான். இரண்டையும் சுட்டுவிட்டால்? ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முறத்தின் ஒரு பக்கம் மிஞ்சுமே. தாட்சாயணியின் அண்ணன் வீட்டிலிருந்து பெரிய கல்யாண முறம் வந்தது. இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் தமிழ், நடுவில் எல்லையாக ஒரு கரும்பு.

சரஸ்வதி பூஜை அன்று விடிகாலை. கங்கையா ஓடிவந்த வேகத்தில் வேட்டி பாதி வழியிலேயே அவிழ்ந்திருந்தது.

"பச்சை, ஆந்திராவும் இல்ல, மெட்ராஸும் இல்ல. நம்ம ஊர மைசூருக்குக் குடுத்துட்டாங்களாம்."

பச்சையப்பன் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மைசூருக்கா? நடுவுல பாதி ஜில்லா கெடக்குதேடா."

"அத இன்னா பண்ணுவாங்கன்னு மேஸ்திரி சொல்லலியாம்."

"மைசூர்பாகு தவிர மைசூரப் பத்தி இந்த வூட்ல யாருக்கு இன்னா தெரியும்?" என்றாள் தாட்சாயணி.

கன்னட எழுத்து எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்க எழுத்தும் ஒரே அடியாக வேண்டாததாகிவிட்டது. மங்கை அழாமல், அடம் பிடிக்காமல், பேர் சொல்லிச் சொல்லி முடித்தாள். எல்லைக் கரும்பையும் விடவில்லை.

காலி முறத்தின் எதிரே பச்சையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது பாலசுந்தரம் மேஸ்திரி வந்தார், மடித்த அங்கவஸ்திரமும் சிரிப்புமாக. கங்கையா வேடிக்கை பார்க்க வாசலில் ஒண்டிக்கொண்டான்.

"இன்னா பச்சை, ராட்டினத்தத் தொடச்சி வெக்கச் சொல்லிட்டு வந்துகீறேன்."

குனிந்து, கோலமாவை எடுத்துத் தரையில் ஒரு எழுத்துப் போட்டார். பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அ," என்றாள் மங்கை. "மொத வாட்டி கருகிப்போச்சு. அடுத்த வாட்டி நல்லா இருந்துச்சு."

மேஸ்திரி இன்னொன்று போட்டார்.

"ஈ. வெல்லம் கம்மி."

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. சடக்கென்று தெலுங்கில் ஒன்று போட்டார். மங்கை பேரைச் சொன்னாள். "இதோட கொம்புதான் மொறுமொறுன்னு இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டாள். அவர் போட்டுக்கொண்டே போனார், அவள் ருசியோடு சொல்லிக்கொண்டே போனாள். கோலமாவு தீர்ந்துபோயிற்று. மங்கைக்கு எழுத்து தீரவில்லை.

மேஸ்திரி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு மெல்லக் குனிந்து மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயிரம் வாட்டி படிச்சாப்பல சொல்லுதேடா. வா தாயி, பள்ளிக்கூடம் போலாம்."

பச்சையப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எல்லாம் சரி மேஸ்திரி. ஆனா மைசூர்க்காரன் பள்ளிக்கூடத்துல இது செல்லுமா?"

"எந்த மைசூர்க்காரன்?"

"ஊர மைசூருக்குக் குடுத்துட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

"நானா? நேத்து ராத்திரிதான் சித்தூர்லேருந்து வர்றேன். எல்லைய எங்க போடறதுன்னு அங்க இன்னும் ஒரு முடிவும் ஆவல. இத்தினி நாள்ல இதப் பத்தி நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலடா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கங்கையாவின் பக்கம் திரும்பினார்கள். அவன் கிரீஸ் கையைத் துடைக்கவும் மறந்து, மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளையே பார்த்தான்.

"‘மேஸ்திரித் தாத்தா சொன்னாரு, ஊரு மாறிப்போச்சு’ன்னு ஒவ்வொரு வாட்டியும் என் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனது இந்த மங்கைதானே."