முத்திரை உடையாத பை

நானூற்று எழுபத்தொன்பது ஸ்லோட்டி. மச்சினன் வாட்செக்குக்கு லேஷெக் தர வேண்டிய கடன் அது. அந்தக் கடனை லேஷெக் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. மர அறுவை ஆலையில் நாளெல்லாம் பலகை சுமந்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கடன் சமையலறை மேசைமேல் உட்கார்ந்திருந்தது. சிவப்பு நிறம். இரண்டு தோள்வார். நெற்றியில் ஒரு வெள்ளைச் சிலுவை.

"என்ன மாப்ளே இது?"

"உசுரு மச்சான், உசுரு!" என்றான் வாட்செக். வேன் ஓட்டிக்கொண்டு நகரத்துக்கும் ஊருக்குமாக அலைந்து, கண்டதையும் வாங்கி விற்பவன் அவன். "மூணு நாளைக்கான உசுரு. சண்டை வந்தாலும் சரி, புயல் வந்தாலும் சரி, தூக்கித் தோள்ல மாட்டிக்க வேண்டியதுதான். வார்சாவுல இதுக்கு வரிசையில நிக்கிறான்."

"நான் நின்னேனா?"

"அக்கா கேட்டுச்சு."

போஷேனா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "போன பனிப்புயலுக்கு மூணு நாள் இருட்டுல கெடந்தோமே, மறந்துட்டியா? வெளக்கு இல்ல, ரேடியோ இல்ல. உன் மூஞ்சிகூடத் தெரியல. அந்த மூணு நாள்ல நடந்த ஒரே நல்லது அதுதான்."

சொல்லிவிட்டு வாத்துகளை அடைக்கப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் லேஷெக் குரலைத் தாழ்த்தினான்.

"எடுத்துட்டுப் போயிரு மாப்ளே. காசு கெடையாது."

"வேன்ல எடம் இல்ல மச்சான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வரேன். ஒண்ணு காசைக் குடு, இல்ல பையைக் குடு. ஆனா இந்தா பாரு," என்று ஜிப்பைக் கோத்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் முத்திரையைத் தட்டிக் காட்டினான். "இது உடைஞ்சுதுன்னா பை உன்னோடது. நானூத்தி எழுபத்தொம்பது. ஒரு காசு கொறைய மாட்டேன்."

அலமாரி மேல் தகர டப்பாவில் ஐந்நூறு ஸ்லோட்டி இருந்தது. அது கரிக்காசு. ஆலையில் கிடைக்கும் மரச்சீவலோடு கலந்து எரித்தால், அந்தக் காசுக்கு வரும் கரி பிப்ரவரியை எட்டிப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் போஷேனாவின் இருமல் அவளைப் பிடிக்கும். போன வருஷம் பிடித்தது போதும். மூன்று நாள் உயிரை விலைக்கு வாங்கிவிட்டு மீதிக் குளிர்காலம் முழுக்க விறைத்துக் கிடப்பதா? லேஷெக் தீர்மானம் செய்துவிட்டான். பை போகும், கரி வரும். அவளுக்கு ஆசையென்றால் அதேபோல ஒரு பையை நூறு ஸ்லோட்டிக்குள் அவனே கட்டிக் கொடுப்பான். சிவப்புப் பையைத் திருப்பிக் கொடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். முன்னால் சொன்னால் ரகளை.

பட்டாளத்தில் இருந்தபோது கொடுத்த பழைய முதுகுப்பையைப் பரணிலிருந்து இறக்கினான். எலி கடித்த இடத்தைத் தைத்தான். கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அது. கடையில் கல்லறை விளக்குகள் பாதி விலைக்குக் குவிந்து கிடந்தன. எழுபத்திரண்டு மணி நேரம் நின்று எரியும் என்று மூடியிலேயே போட்டிருந்தது. நாலு வாங்கினான்.

"கல்லறை வெளக்கை எவனாவது வீட்டுக்குள்ள வைப்பானா?" என்று போஷேனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"பொழச்சாலும் உதவும், செத்தாலும் உதவும். இந்த வசதி அந்தச் சிவப்புப் பையில உண்டா?"

அதில் என்னதான் உண்டு என்பது அவனுக்கே தெரியாது. பார்க்காமல் எப்படி அதேபோல் கட்டுவது? அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய பின்னல் ஊசியை முத்திரையின் பல்லுக்குள் மெதுவாகச் செருகினான். உடையாமல் கழன்று வந்தது. நாற்பது வருஷம் மரத்தைத் தூக்கிய கைக்கு இவ்வளவு நளினம் உண்டா என்று அவனுக்கே வியப்பு.

உள்ளே எல்லாம் அழகாக இருந்தது. சுழற்றினால் எரியும் கைவிளக்கு, கட்டி பிஸ்கோத்து, தண்ணீர்ப் பொட்டலம், காயத்துக்குக் கட்டு, கயிறு, மெழுகுவத்தி. ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளித்தாள் பொட்டலம். போர்வை என்று அதில் எழுதியிருந்தது. உள்ளங்கையளவு போர்வையா? பிரித்தான். பிரிந்தது. பிரிந்துகொண்டே இருந்தது. மேசையை மூடி, நாற்காலியை மூடி, நாயை மூடி, அடுப்புவரை போய் நின்றது. மடித்தான். நீளத்தில் மடித்தால் அகலத்தில் எழுந்தது. அகலத்தில் அமுக்கினால் நீளத்தில் சீறியது. மண்டி போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது போஷேனா திரும்பி வந்துவிட்டாள்.

"அட, எவ்வளவு பெரிசு! இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"வடக்கு ஜன்னல்ல காத்து பீச்சுதே." கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாத!"

"ஏன்? நம்ம பைதானே?"

லேஷெக் வாயைத் திறந்தான். "அழகா இருக்கேன்னு பாத்தேன்," என்று முனகினான்.

"அழகு ஜன்னல்லயும் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே சரக்கென்று வெட்டினாள்.

அப்படி ஒரு போர்வை ஊரில் இருந்தால் ஆம்புலன்ஸில்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டும் மிரெக்கைத் தேடிப் போனான்.

"யாருக்கு அடிபட்டுச்சு?" என்றான் மிரெக்.

"எனக்குத்தான். வெளிய தெரியாது."

கதையைக் கேட்டு மிரெக் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு போர்வைக்கு விலையாக ஒரு போத்தல் நல்ல வோட்கா கேட்டான். கரிக்காசில் முதல் ஓட்டை விழுந்தது. போத்தலை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மிரெக் சொன்னான்:

"எதுக்குய்யா இந்தப் பாடு? ஒன் மச்சினன் முத்திரையைத்தானே பாப்பான். உள்ள ரெண்டு செங்கலைப் போட்டு மூடு."

"எவனோ ஒருத்தன் அதை வாங்குவான். இருட்டுல, குளிருல, பிள்ளைகுட்டியோட நின்னு தொறப்பான். செங்கலைப் பாத்தான்னா என்னைய என்ன சொல்லுவான்?"

"உன்னையத்தான் அவனுக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப இன்னொரு போத்தலும் வாங்க வேண்டி வரும் பாரு," என்றான் மிரெக். அவன் வாய்முகூர்த்தம் அப்படி.

மறுநாள் வாத்துக் கொட்டகையிலிருந்து ஒரே கூச்சல். போஷேனா சேறும் சகதியுமாக வந்தாள். "அந்த ஆண்வாத்துக்குப் பேய் பிடிச்சிருக்குய்யா. கைவெளக்கைத் தட்டிவிட்டுருச்சு."

"எந்தக் கைவெளக்கு?"

"பையில இருந்துச்சே, சுத்துறது. சாணித்தொட்டிக்குள்ள போயிருச்சு. கையை விட்டுத் துழாவுனேன். கெடைக்கல."

"அதை ஏன் எடுத்த?"

"இருட்டா இருந்துச்சு, எடுத்தேன். பிறகு எதுக்குய்யா அந்தப் பை? கும்புட்டுக்கிட்டு ஒக்காரவா?"

நியாயமான கேள்வி. லேஷெக் ஆலையில் அரைநாள் விடுப்புப் போட்டு, பஸ் ஏறி நகரத்துக்குப் போனான். அதேபோல விளக்கு ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தான். மழையில் கொஞ்ச நேரம் நின்றான். மறுபடி உள்ளே போனான். பை வந்தது முதல் எல்லாக் கடையிலும் அவனுக்கு இப்படித்தான் நடந்தது.

அவன் வீடு திரும்புவதற்குள் நாய் பிஸ்கோத்தைத் தின்றிருந்தது. அந்தப் பிஸ்கோத்து கெடாமல் அஞ்சு வருஷம் இருக்கும் என்று உறையில் போட்டிருந்தது. நாயிடம் அது அஞ்சு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தின்றுவிட்டு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்து, வயிறு பீப்பாயாகி, பெரிய விருந்துக்குப் போய்வந்த பிஷப்பைப்போல அடுப்படியில் சாய்ந்து கிடந்தது.

"அதைத் திட்டாத," என்றாள் போஷேனா. "அதுவும் பொழைக்கணும்ல?"

அந்த மாதிரிப் பிஸ்கோத்து நகரத்திலும் இல்லை. வேறு வழியில்லாமல் லேஷெக் தன் பட்டாளப் பையைத் திறந்தான். அவன் கையால் சுட்டுக் காயவைத்த கறுப்பு ரொட்டித் துண்டுகள், பன்றிக்கொழுப்பு ஜாடி, உப்பு. எல்லாவற்றையும் சிவப்புப் பைக்கு மாற்றினான். பிஸ்கோத்தை விட இது நல்ல சாப்பாடுதான். வாங்குகிறவன் கொடுத்து வைத்தவன்.

வெள்ளிக்கிழமை போஷேனா கத்தியால் விரலை அறுத்துக்கொண்டாள். கட்டுத்துணி போயிற்று. மருந்துக்கடையில் வாங்கியதை அவன் தன் பைக்கு வைத்திருந்தான். அதுவும் மாறியது. கரண்டு அரைமணி நேரம் நின்றது. மெழுகுவத்தி போயிற்று. கல்லறை விளக்கு நாலும் மாறின. வேலிப்படல் சாய்ந்தது. கயிறு போயிற்று. அவன் கயிறு மாறியது. அவள் எதை எடுத்தாலும் முகத்தில் ஒரு நிறைவோடு எடுத்தாள். "ஒரு வீட்டுல இப்படி ஒரு பை இருந்தா எவ்வளவு தெம்பா இருக்கு, பாத்தியா?" என்றாள்.

"ரொம்பத் தெம்பு," என்றான் லேஷெக். அவனுக்கு அந்த வாரத்தில் பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருந்தது.

மிரெக்குக்கு இரண்டாவது போத்தலும் போயிற்று. அவன் முதலில் தந்த போர்வைப் பொட்டலத்தைத் தண்ணீர்ப் பொட்டலம் என்று நினைத்து அவள் பிரித்துவிட்டாள். மேற்கு ஜன்னலும் வெள்ளியாயிற்று.

சனிக்கிழமை மாலை எதிர்வீட்டில் கரி வண்டி வந்து இறக்கிவிட்டுப் போனது. போஷேனா ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இருமினாள்.

"நமக்கு எப்பய்யா வருது?"

"வரும்."

"எப்ப?"

"குளிரு வரட்டும். கரியும் பின்னாலயே வரும்."

"குளிரு வந்தாச்சு. நீ உள்ள ஒக்காந்திருக்க, வாயில புகை வருது பாரு."

அவன் வாயை மூடிக்கொண்டான். தகர டப்பாவை அவள் திறந்து பார்க்காமல் இருந்தால் சரி. ஒரு வாளிக் கரிக்குக்கூட அதில் காசு தேறாது. காசு போனாலும் போகட்டும், நானூற்று எழுபத்தொன்பது தலையிலிருந்து இறங்கினால் அடுத்த வாரக் கூலியில் பாதியையாவது கரிக்கு ஒதுக்கலாம். அதுவும் இறங்காவிட்டால் கூலி வரும்போதே வாட்செக் வாசலில் நிற்பான். இனி அவன் பிடித்துக்கொண்டிருக்க இருந்தது அந்த ஒரு கொம்புதான்.

ஞாயிற்றுக்கிழமை இடுப்புவலி என்று சொல்லிக் கோவிலுக்குப் போகாமல் படுத்துக்கொண்டான். பொய்யும் இல்லை. போஷேனா போனதும் எழுந்து, பையை முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்தான். முத்திரையைக் கோத்து அழுத்தினான். டிக் என்றது. புதுசு போல இருந்தது. அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்த வாரத்தில் அந்த வீட்டில் வெதுவெதுப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

பூசை முடியும் முன்பே வாட்செக் வந்துவிட்டான். பையைப் பார்த்தான். லேஷெக்கைப் பார்த்தான்.

"நெசமாவே திருப்பிக் குடுக்கிறியா?"

"பின்ன, வெளையாட்டுக்கா? முத்திரையைப் பாத்துக்க."

வாட்செக் முத்திரையைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். கதவுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தான். பிறகு பையைத் தூக்கினான். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "என்ன மச்சான், இந்தக் கனம் கனக்குது?"

"உசுருன்னா கனம் இருக்காதா?"

"அது சரி."

"அப்ப கணக்குத் தீந்துச்சா?"

"தீந்துச்சு, தீந்துச்சு. ஒன்கிட்ட எனக்கு ஒரு காசு பாக்கி இல்ல."

"ஒரு கோப்பை ஊத்தவா?"

"வேணாம் மச்சான், வேலை கெடக்கு," என்று வாட்செக் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கோப்பை என்றால் கல்யாண வீட்டுக்கு மறுநாளும் வந்து நிற்கிறவன் அவன். லேஷெக்குக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பு இல்லை.

மேசையருகே உட்கார்ந்தான். சிவப்புப் பை போயிற்று. பட்டாளப் பை வெறும் துணியாகச் சுருண்டு கிடந்தது. கரிக்காசு கரைந்தாயிற்று. இரண்டு ஜன்னலிலும் வெள்ளித்தாள் காற்றுக்குச் சலசலத்தது. சண்டையோ புயலோ இப்போது வந்தால் அவர்களிடம் ஒரு தீப்பெட்டிகூட இல்லை. இருந்தாலும் கடன் இல்லை. கடனில்லாதவன் குளிரில் நடுங்கினாலும் அது அவனுடைய சொந்த நடுக்கம். அந்த நினைப்பில் கொஞ்சம் சூடு இருப்பதுபோலத் தோன்றியது. கையைத் தேய்த்துக்கொண்டான்.

கோவில் மணி அடித்து ஓய்ந்தது. கதவைத் தட்டிக்கொண்டு வாட்செக்கின் மனைவி தனூட்டா உள்ளே வந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு இங்க வந்தாரா? பூசையில பாதியிலயே எந்திரிச்சு ஓடுனாரு."

"வந்துட்டு இப்பதான் போனான். பையைத் திருப்பிக் குடுத்துட்டேன். போஷேனா வந்தா ஆடுவா, ஆடட்டும். கடன் தீந்துச்சு."

"எந்தக் கடன்?"

"அதான்மா, நானூத்தி எழுபத்தொம்பது."

தனூட்டா அவனையே பார்த்தாள். வெள்ளி ஜன்னலைப் பார்த்தாள். தெருமுனையில் போஷேனா இருமிக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. தனூட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அதை அவ பை வந்த அன்னைக்கே வாத்து வித்த சிறுவாட்டுக் காசுல அவருகிட்டக் கட்டிட்டாளே அண்ணே, நீங்க கத்துவீங்கன்னுதான் உங்ககிட்ட மூச்சு விடாம இருந்தா."