எதிர்வீட்டு மணி என் வீட்டில் அடித்த விவரம்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
புதன்கிழமை, காலை 10.20

அன்பு மகள் சங்கரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் சௌக்கியம், சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லும் வேகத்தில் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது நீ மாட்டிவிட்டுப் போன ஒயர் இல்லாத காலிங் பெல் பற்றியது. அது நன்றாக அடிக்கிறது. நான் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, கதவைத் திறந்து "வாங்க" என்றால்தான் வாசலில் ஆள் இருப்பதில்லை. முதலில் என் காதைச் சந்தேகித்தேன், பிறகு தெருப் பிள்ளைகளை, பிறகு மறுபடியும் என் காதை. கடைசியில் ஒரு நோட்டுப் போட்டு நேரம் குறித்துவந்ததில் விஷயம் தெரிந்தது: எதிர்வீட்டு வீரபாகு வாசலில் யார் பட்டனை அழுத்தினாலும் என் வீட்டிலும் மணி அடிக்கிறது. அங்கே இரண்டு தறி ஓடுகிறது, பெண்ணுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது. ஜரிகை கொண்டுவருபவர், பந்தல்காரர், சம்பந்தி வீட்டார் என்று ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் நான் சட்டையோடு வாசலில் நிற்கிறேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டால் நான் கும்பிடாமல் எப்படி இருப்பது? ஒருநாள் வீரபாகுவின் மனைவி தையல்நாயகி ஒரு தட்டு முறுக்கோடு வந்துவிட்டார். "இன்னா சார், எங்க வூட்டுக்கு வர்றவங்கள எல்லாம் நீங்க நின்னுக்கினு வாங்க வாங்கன்றீங்க? சம்பந்தியம்மா கேக்குது, பொண்ணுக்கு தாத்தா கீறாருன்னு சொல்லவே இல்லியேன்னு! தாத்தான்னு ஆயிடுச்சு, துன்னுங்க." எனக்கு வெட்கமாகப் போயிற்று. முறுக்கு நன்றாக இருந்தது.

ஆனாலும் நாற்பது வருஷம் சர்வே ஆபீசில் ஊரார் எல்லைக்குக் கல் நட்டவன், எதிர்வீட்டு மணி என் எல்லைக்குள் வருவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பேன் சொல்லு. பஸ் ஸ்டாப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரனிடம் பெல்லையும் பட்டனையும் கொண்டுபோனேன். "ரெண்டு பெல்லும் ஒரே மாலு சார். உள்ள டீகோடர் சிப்புன்னு ஒண்ணு இருக்குது, வர்ற சிக்னல் நம்முளுதான்னு அதுதான் பாக்கும். அட்ரஸுக்குன்னு எட்டு காலு. ஒண்ணத்தயும் செட் பண்ணாம வுட்டுக்கிறானுங்க, அதான் ரெண்டும் ஒரே அட்ரஸு" என்றார். ஒவ்வொரு காலையும் பிளஸில் சேர்க்கலாம், மைனஸில் சேர்க்கலாம், சும்மாவும் விடலாமாம். வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொரு விலாசம் வருகிறது. இத்தனை காலியாக இருக்க, நானும் வீரபாகுவும் ஒரே விலாசத்தில் குடியிருந்திருக்கிறோம்! லோகேஸ்வரன் மூன்றாவது காலில் ஒரு சொட்டு ஈயம் வைத்தார், பட்டனுக்குள்ளும் அதே போல. "இனிமே உங்க பட்டன அமுக்கினாதான் உங்க பெல்லு."

அப்படியேதான் ஆயிற்று. ஒன்பது நாளாக மணி அடிக்கவில்லை. நோட்டில் ஒன்பது பூஜ்யம். சிப் கெட்டுவிட்டதோ என்று நேற்று நானே வெளியே போய் என் பட்டனை அழுத்தினேன். உள்ளே கணீரென்று கேட்டது. எழுந்து வந்து திறக்கத்தான் யாரும் இல்லை.

பெல் கோளாறு என்று போனில் சொன்னபோது, சரியாகாவிட்டால் ஒரு வாரம் லீவு போட்டு நானே வருகிறேன் என்றாய். வேண்டாம் அம்மா, பழுது முழுக்க நீங்கிவிட்டது. நிம்மதியாக இருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஏகாம்பரநாதர் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
கைலாசம்

பி.கு. (மாலை 4.05): கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், பெல்லையும் பட்டனையும் பையில் எடுத்துக்கொண்டு லோகேஸ்வரன் கடைக்குப் போய், வைத்த ஈயத்தை எடுத்துவிடச் சொன்னேன். "இன்னா சார், நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். அதுதான் கோளாறு என்றேன். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. பெல் மறுபடி ரிப்பேர். லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். இதோ மணி அடிக்கிறது. எனக்கில்லை, தெரியும். சட்டை போட்டுத்தான் இருக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.