செயின்ட் லூயிஸுக்கு ஒரே டிக்கெட்

அப்பா அமெரிக்கா போவதென்று முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்கிற பழக்கமே கிடையாது.

அக்கா ஜாஸ்மின் செயின்ட் லூயிஸில் இருக்கிறாள். இப்போது ஏழு மாசக் கர்ப்பம். அப்பா சம்மதம் இல்லாமல் காஷிஃபைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அவரை 'ஜாஸ்மின் அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். அதையும் நிறுத்தச் சொன்னார். அம்மா 'ஏங்க'வுக்கு மாறினாள்.

போன மாசம் அக்கா எனக்கு மெசேஜ் போட்டாள். 'ஒரு டிக்கெட்தான் எடுக்க முடியும். பிரசவத்துக்கு அம்மா வரட்டும். எதுக்கும் ரெண்டு பேரும் விசா போட்டு வைங்க.' சத்தமாகப் படித்தேன். நடு வரி மட்டும் அப்பா காதில் விழவில்லை.

“நான் போறேன்” என்றார்.

“பிரசவத்துக்கா?” என்றாள் அம்மா.

“பேஸ்பாலுக்கு.”

“அது இன்னா பாலு? பச்ச பாக்கெட்டா, நீல பாக்கெட்டா?”

“வெளையாட்டும்மே! அந்த ஊரே செவப்பு சட்ட போட்டுக்கினு ஸ்டேடியத்துல குந்திக்கினு இருக்கும். ஆளுக்கு ஒரு கிளவுஸ். கிளவுஸ்னா இன்னா? தோலு. தோலுன்னா யாரு? நானு!”

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் பார்க்கிறார். தடவிப் பார்த்தே ஒன்றாம் ரகமா நாலாம் ரகமா என்று சொல்லிவிடுவார். பெற்ற பெண்ணை மட்டும் திருப்பிக்கூடப் பார்க்காமல் ரிஜெக்ட் போட்டார். இப்போது பெட்டியில் பன்னிரண்டு தோல் சாம்பிள் அடுக்கினார். பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு ஜட்டி இல்லை.

“இன்னொண்ணு” என்றார். “இன்னிலேர்ந்து ஜாஸ்மின் அப்பான்னே கூப்புடு. விசா ஆபீஸ்ல கேப்பாங்க.”

லாங் பஜாரில் விசா ஏஜென்ட் செந்தில்குமார் அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து எச்சரித்தார். “கொழந்தையப் பாத்துக்கப் போறேன், வீட்டு வேல செய்யப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. வேலைக்குப் போறீங்கன்னு நெனச்சி ரிஜெக்ட் பண்ணிடுவாங்க.” அப்பா முகம் பல்பு மாதிரி எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்.

“கேட்டாங்கன்னா, சமைக்கப் போறேன், துணி தொவைக்கப் போறேன், கொழந்தையப் பாத்துக்கப் போறேன்னு சொல்லு. உண்மைய சொன்னா அவங்களுக்குப் புடிக்கும்.”

“சரிங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போய் எல்லாம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை.

“இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றேன், ஜீவா. அவரு அக்கறையா பேசினா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்.”

அப்பா கண்ணாடி முன்னால் இங்கிலீஷ் பழகினார். “ஐ ஹைட் சார். ட்வென்டி எய்ட் இயர்ஸ் ஹைட்.” நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் ஹைட் என்றால் மாட்டுத்தோல். வெள்ளைக்காரர்களுக்கு அது ஒளிந்துகொள்வதும்கூட என்று அம்மா காதில் சொன்னேன்.

“அப்பாகிட்ட சொல்லட்டா?”

“வாய மூடு. அவரு இங்கிலீஷ யாராவது கொற சொன்னா அவருக்குப் புடிக்காது.” பிறகு அப்பா பக்கம் திரும்பி, “சூப்பரா இருக்குதுங்க. நீங்களே மொதல்ல பேசுங்க. நல்லா சத்தமா.”

சென்னையில் நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா இன்றுவரை சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். என்ன வேலை செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாளாம்.

“ஐ ஹைட் மேடம்!”

யாரிடமிருந்து என்று கேட்டாள்.

“எவ்ரிபடி மேடம்! ஆந்திரா, கல்கத்தா, எவ்ரிவேர்!”

அமெரிக்காவிலுமா என்று கேட்டாள்.

“ஒன் சான்ஸ் கிவ் மேடம். ஃபுல் லைஃப் ஹைட்!”

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தமிழில் பேசினாள், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார்.

“பொண்ணு மாசமா இருக்கா. பாத்துட்டு மூணு மாசத்துல வந்துடுவேன். சின்னவ இங்க இருக்கா. நான் வேல செய்ற ஷூ கம்பெனில லீவு லெட்டர் வாங்கிட்டேன்.” லெட்டரையும் நீட்டினாள். அது எப்போது வாங்கியது என்றே அப்பாவுக்குத் தெரியாது.

அம்மாவின் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அப்பாவுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி முத்தம் கொடுத்தார். கையிலேயே கொடுத்துவிட்டதால் தான் பாஸ் என்று நினைத்து, வெளியே வந்து அம்மாவுக்கு இளநீர் வாங்கித் தந்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். உள்ளே வைத்துக்கொண்டால்தான் விசா என்று செந்தில்குமார் போனில் சொன்னபோது பாதி இளநீர் மிச்சம் இருந்தது. அம்மா அதையும் குடித்துவிட்டாள்.

அம்மா போனாள். பெண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் காலையில் வீடியோ கால் வந்தது. அம்மா மடியில் குழந்தை. நான் பார்க்கிறதற்குள் அப்பா போனைப் பிடுங்கினார்.

“கிளவுஸ் கம்பெனிக்காரன் யாரையாவது பாத்தியா?”

அம்மா போனை அக்கா பக்கம் திருப்பினாள்.

“ஜாஸ்மின் பக்கத்துலதான் படுத்துக்கினு இருக்கா. எப்படிம்மா இருக்கேன்னு ஒரு வார்த்த கேளுங்க.”

“கேக்கறேன், கேக்கறேன். மொதல்ல அந்த கிளவுஸு...”

“மூணு வருஷம் நீங்க அவகிட்ட பேசல. அவ தாங்கிக்கினா. இனிமே மூணு மாசம் நான் உங்ககிட்ட பேச மாட்டேன். நீங்க தாங்குங்க.”

திரை கறுப்பானது. அப்பா போனைத் தட்டினார். சட்டையில் துடைத்தார். மறுபடி தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“அமெரிக்காவுல நெட்டு சரியில்ல” என்றார்.