திண்டிவனத்தில் நான் கட்டிய ஒரே வேஷம்

பிள்ளையைப் பெற்றவனை நாடகக் கொட்டகைக்குள் விடவே கூடாது. அதிலும் முன்வரிசையில் உட்காரவைப்பது மகா பாவம். இதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

என் மகன் சபாபதி நாலாம் பாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். (சேர்ந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினான்.) பள்ளியில் ஒரு செய்யுளை ஒப்பிக்கச் சொன்னால் எச்சில் விழுங்குகிறவன், அங்கே பாட்டும் வசனமுமாகப் பாடம் பண்ணி, பெண்வேஷம் கட்டி, ராணியாகிவிட்டானாம். கம்பெனி திண்டிவனத்தில் கொட்டகை போட்டிருந்தது. அடுத்த வாரம் இலங்கைக்குக் கப்பலேறப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மனைவி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"பையனோட வாங்க. இல்லாட்டி அங்கயே இருந்துக்குங்க."

விழுப்புரம் தாலுகா கச்சேரியில் லீவு சொல்லிவிட்டு, குடையும் கையுமாக ரயிலேறினேன்.

பையன்களுக்கு நடிப்புச் சொல்லித்தரும் கம்பெனி வாத்தியார் என்னைக் கண்டு கொஞ்சமும் அசரவில்லை. "தாராளமா இட்டுக்கினு போங்க. இன்னிக்கு ஆட்டத்த மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றார். என்னைப்போல் எத்தனை அப்பன்களைப் பார்த்தவரோ.

ராத்திரி முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் கூட்டேரிப்பட்டுக்காரர் ஒருவர் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நாட்டை இழந்த ராணி காட்டில் கிடந்து அழும் கட்டம். ராணி, சபாபதிதான். கண்ணில் நிஜத் தண்ணீர்.

"இன்னாமா அழுவுது பாருங்க" என்றார் அவர், வாயில் மல்லாட்டையோடு.

அழுவது என் பிள்ளை. இளைத்தும் இருந்தான். வானத்தைப் பார்த்துக் கையை விரித்தான்: "இந்தப் பூலோகத்தில் எனக்கென்று ஒருவருமில்லையா?"

அதற்குமேல் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. குடையோடு மேடைமேல் நின்றிருந்தேன்.

"ஏன்டா இல்ல? அப்பன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே. எழுந்து வாடா வீட்டுக்கு."

 கூட்டேரிப்பட்டுக்காரர் எழுந்து, "ஒன்ஸ்மோர்" என்றார். கொட்டகை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒன்ஸ்மோர் கேட்டால் செத்த ராஜாவும் எழுந்து, இன்னொரு தரம் பாடிவிட்டுத்தான் சாகவேண்டும். மறுத்தால் மேடைக்குக் கல் வரும்.

திரையோரத்திலிருந்து வாத்தியார் கைகூப்பினார். "ஐயா, கீழ எறங்கி இன்னொருவாட்டி ஏறுங்க. ஜல்தி. பேஜாரா பூடும்."

இறங்கினேன். (ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.) சபாபதி அதே இடத்தில் விழுந்து, எதைக் கண்டு நான் பதறி ஓடிவந்தேனோ, அதே கண்ணீரை மறுபடி வரவழைத்தான். நான் ஏறி வாயைத் திறக்கும்போது முந்தானைக்குள்ளிருந்து முணுமுணுத்தான்: "அப்பா, சனங்களுக்கு முதுகைக் காட்டாதீங்க. குடையை எறக்குங்க, மூஞ்சிய மறைக்குது."

இறக்கினேன். முதல் தடவையைவிட நன்றாகவே செய்தேன் என்றார்கள்.

அவனை எப்படி இழுத்துக்கொண்டு வருவது? அவன் தொழில் தெரிந்தவனாக நின்றான், முழித்தவன் நான். தனியாக ஊர் திரும்பினேன். சேதி எனக்கு முந்தின ரயிலிலேயே வந்துவிட்டிருந்தது.

"பையனைக் கூட்டியாரப் போனீங்களா, கூட ஆடப் போனீங்களா?" என்றாள் மனைவி. ஆனாலும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், அதுவரை லாபம்.

சபாபதி இலங்கை போய்த் திரும்பி, மீசை வந்து, ராஜா வேஷத்துக்கும் மாறிவிட்டான். ஆனாலும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பழைய ராணிக் குரலில், "எனக்கென்று ஒருவருமில்லையா?" என்கிறான்.

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சொல்லுவாள்: "கூப்பிடறான் பாருங்க. குடை ஆணியில மாட்டியிருக்கு."