கிலோ அண்ணையின் முன்பாரம்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் கூடிவிட்டது. சொல்ல வந்தது முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிலோ அண்ணையைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று இவ்வளவு காலமும் பார்த்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை.

இந்த அவுஸ்திரேலியாவில் கிலோ அண்ணை நிறுக்காத பொருள் ஒன்றும் இல்லை. காற்றை எப்படி நிறுப்பது என்று கேட்பீர்கள். அதையும் டயருக்குள் அடைத்து, காலையும் மாலையும் ஊசிக் கருவியால் அளந்து கொப்பியில் எழுதினார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் ஹோம்புஷ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இறாத்தல் போய்க் கிலோ வந்த காலம். அதற்கு முன் அவருக்கு இறாத்தல் அண்ணை என்று பெயராம். நாடு அளவை மாற்ற, சனம் அவர் பெயரையும் மாற்றிவிட்டது. சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு தொழிற்சாலையில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தார். தனி ஆள்.

யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்குமுன் நிறையைப் பார்ப்பார். என்னையும் இவரையும், அதாவது என் கணவரையும், முதன்முதல் கண்டபோது, "தம்பி எழுபத்தொண்டு. தங்கச்சி நாப்பத்தொன்பது, சேலையோடை," என்றார். கதவுக்குப் பின்னால் போன நான் அவர் போகும்வரை வெளியே வரவில்லை. அதன்பிறகு ஒன்றரை வருசம் அவரோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை. எவரோடும் எனக்குப் பேச்சு வராது.

அவரிடம் யூட் என்ற ஒரு வாகனம் இருந்தது. முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த தட்டில் சாமான் ஏற்றலாம். அதற்கென்று, சில்லு பூட்டிய சின்ன வீடு போன்ற ஒரு கரவனும் வாங்கினார். மற்றவர்களின் கரவன் காருக்குப் பின்னால் கொளுவி இழுபடும். இதன் மூக்கோ யூட்டின் தட்டில் ஏறிக் குந்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்களே வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

"இழுக்கிறது பெரிய வேலை இல்லைத் தம்பி," என்று இவருக்கு விளக்குவார். "எந்த மாடும் இழுக்கும். வண்டிலிலை முன்பாரம் கூடினால் மாட்டின்ரை கழுத்து என்னாகும்? அதுதான் கணக்கு. இந்த யூட்டின்ரை முதுகு தொள்ளாயிரம் கிலோ தாங்கும். கரவன்ரை மூக்கு, நாங்கள் மூண்டு பேர், பெற்றோல், உம்மடை சப்பாத்து, எல்லாம் அதுக்குள்ளை அடங்கவேணும்."

"சப்பாத்துமோ அண்ணை?"

"சப்பாத்தும்."

இவருக்கு மெல்பேணில் வேலை கிடைத்தது. திங்கள் காலை அங்கே நிற்கவேண்டும். கிலோ அண்ணை தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வீடு கிடைக்கும்வரை கரவனிலேயே இருக்கலாம் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் படலையில் ஒரு தொங்கு தராசு. தலையணை, சட்டி, செருப்பு எல்லாம் அதில் தொங்கித்தான் போயின. சாமிப் படமும் தப்பவில்லை.

"பிள்ளையார் கண்ணாடியோடை ரெண்டரைக் கிலோ. கண்ணாடியைக் கழட்டும்."

"அண்ணை, சாமியெல்லே..."

"அவர் எலியிலை ஏறிப் போறவர். அவர் விளங்கிக்கொள்ளுவார்."

மெல்பேணுக்கு ஆள் போகிறது என்றால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பார்சலோடு வந்தார்கள். "நான் தபால் கந்தோர் இல்லை," என்று கிலோ அண்ணை படலையோடு திருப்பி அனுப்பினார். அவர்கள் சுற்றிக்கொண்டு குசினிக் கதவுக்கு வந்தார்கள்.

"பிள்ளை, சின்னச் சாமான். மகளுக்கு. நீர் வையும், அந்தக் கிலோவுக்குச் சொல்லாதையும்."

ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவருக்கு ஏலாது என்று சொல்லாமல் மற்றவருக்கு மட்டும் எப்படிச் சொல்வது? ஐந்து வீட்டுப் பார்சல் சேர்ந்துவிட்டது. ஊறுகாய்ப் போத்தல்கள், ஒடியல்மா, மிளகாய்த்தூள், கையால் சுற்றும் தையல் மெசின். பிறகு ஒரு அம்மிக் குழவி. அங்கே அம்மி இருக்கிறதாம், குழவிதான் இல்லையாம். எல்லாவற்றையும் கரவனின் மூக்குப் பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன். அந்தக் கட்டில் யூட்டின் முதுகுக்கு நேர் மேலே என்பது எனக்கு உறைக்கவில்லை.

சனி காலை புறப்பட்டோம். சிட்னி ஓரத்து லிவர்பூலைத் தாண்டி, லொறிகளை அப்படியே ஏற்றி நிறுக்கும் இடத்தில் கிலோ அண்ணை நிறுத்தினார். யூட்டின் நாலு சில்லும் தராசுப் பலகையில், கரவனின் சில்லுகள் வெளியே. வெறும் யூட்டின் நிறையைக் கழித்தால் எண்ணூற்று எண்பது வரவேண்டும் என்று கொப்பி சொன்னது. தராசு தொள்ளாயிரத்து இருபது என்றது.

தராசுக்காரன் மூன்று தரம் நிறுத்தான். மூன்று தரமும் அதேதான்.

கிலோ அண்ணை கரவன் படியில் இருந்தார். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்து முடித்து இவர் கையில் கொடுத்துவிட்டார்.

"என்ரை கணக்குப் பிழைச்சிட்டுது தம்பி. எங்கை பிழைச்சதெண்டு தெரியாமல், இனி வாற ரேசர்பாக் மலைச் சரிவிலை இறங்கமாட்டன். திரும்புவம்."

"அண்ணை, திங்கள் போய் நிக்காட்டி வேறை ஆளை எடுத்துப்போடுவாங்கள்."

"வேறை வேலை எடுக்கலாம். இனி நான் இதை ஓட்டப்படாது."

இவருடைய வேலையும் போகப்போகிறது, அந்த மனுசனின் கணக்கும் போகப்போகிறது. இரண்டுக்கும் காரணம் நான். கரவன் படிக்குக் கிட்டப் போனேன்.

"அண்ணை." நுளம்புச் சத்தம் போலத்தான் வந்தது. "கணக்குப் பிழைக்கேல்லை. கட்டிலுக்குக் கீழை... ஊறுகாய் இருக்கு."

அவர் நிமிர்ந்தார். "நாப்பது கிலோ ஊறுகாயோ தங்கச்சி?"

"தையல் மெசினும்."

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். கிலோ அண்ணை ஏசவில்லை. தொங்கு தராசை எடுத்து ஒவ்வொரு பார்சலாக நிறுத்தார். குழவியைத் தூக்கும்போது மட்டும் பெருமூச்சு விட்டார். கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்பதரை.

"அரைக் கிலோ எங்கை?" என்று என்னைத்தான் கேட்டார்.

"காலமை நீங்கள் ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது. அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் பிழை விடேல்லை?"

"இல்லை அண்ணை."

பார்சல்களைக் கரவனின் சில்லுகளுக்கு மேலே, பின்னுக்கு மாற்றினார். இனி அந்தப் பாரத்தைக் கரவனே சுமக்கும். திரும்ப நிறுத்தபோது எண்ணூற்று எண்பதரை. ரேசர்பாக் மலையை மெல்ல மெல்ல இறங்கினோம். அடியில் சேர்ந்ததும் கிலோ அண்ணை "ஓம், சரி" என்றார், அவ்வளவுதான்.

ஊரில் அவர் லொறி ஓட்டியவராம். அவருக்குத் தெரியாமல் யாரோ ஏற்றிய மூட்டைகளால் லொறி பள்ளத்தில் போய், கூட இருந்த அவருடைய தம்பி செத்துப்போனானாம். வெகுகாலத்துக்குப் பிறகு இவர் சொல்லித்தான் தெரியும். என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

மெல்பேணில் ஐந்து வீட்டுக்கும் அவரே பார்சல் கொண்டுபோனார். "பிள்ளை, உம்மடை அம்மா ஆறு கிலோ முந்நூறு அனுப்பியிருக்கிறா. கையெழுத்துப் போடும்," என்று கொப்பியை நீட்டினார். எல்லாரும் போட்டார்கள்.

அதன்பிறகு மெல்பேண் வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "தங்கச்சி ஐம்பத்திரண்டு," என்பார். நான் கதவுக்குப் பின்னால் போவதில்லை. "ஐம்பத்தொண்டு, அண்ணை," என்பேன்.

இப்போது அவர் இல்லை. யூட் பற்றித் தெரிந்த யாராவது நான் எழுதிய எண்களை ஒருக்கால் சரிபார்த்துச் சொல்லுங்கள். தொள்ளாயிரம்தானா, வேறா என்று எனக்கு நிச்சயமில்லை. பிழை இருந்தால் அது என்னுடைய பிழை. அவருடைய கணக்குப் பிழைக்கவில்லை.