இணையப் பக்கத்தின் தலைப்பில் நான் காலமான விதம்

வெம்பிளி,
11.10.2007

என் மனைவியின் ஒரே தம்பியும், லூயிஷாமில் பத்துக் கிழமை மாலை வகுப்புக்குப் போய் இணையப் பக்க நிபுணராகத் திரும்பி வந்தவருமாகிய இராஜேந்திரனுக்கு, அத்தான் பத்மநாதன் எழுதிக்கொள்வது.

நீரும் மாலினியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க லூயிஷாம் சிவன் பார்த்துக்கொள்வாராக. இங்கு உமது அக்கா தவமலர் நல்ல சுகம். நானும் உயிரோடு இருக்கிறேன். இந்த இரண்டாவது செய்தியைப் போன கிழமை வரைக்கும் நான் ஒருவருக்கும் எழுத வேண்டி இருக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், இரங்கல் சொல்லுகிற சனம் ஞாயிறு தொடக்கம் லைனை விடுகுதில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உமது துறையில் முறையாகச் சொல்லத் தெரிந்த ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் பதினொரு வருஷம் ஷிப்ட் அடித்து, கால் வீங்கி, பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டு மூன்றாம் தரம்தான் நான் டிரைவிங் படிப்பிக்கிற லைசன்ஸ் எடுத்தேன் என்பது உமக்குத் தெரியும். இந்த வருஷம் மாணவர்கள் குறைந்து குறைந்து நாலு பேரில் வந்து நின்றது. அந்த நாலும் போனால் ஐம்பத்து மூன்று வயதில் திரும்பவும் அதே கவுண்டருக்குப் பின்னால் நின்று சிகரெட்டும் சொக்கலேட்டும் விற்க வேண்டியதுதான். எல்லாரும் ஹரோ கிறிஸ்துராஜாவிடம் போகிறார்கள். அவன் என்ன பெரிய வாத்தியோ? றிவேர்ஸ் எடுக்கிற நேரம் கண்ணை மூடிச் செபம் சொல்லுகிற ஆள். ஆனால் கம்பியூட்டரில் தமிழ் டிரைவிங் வெம்பிளி என்று தேடினால் முதலாவதாக வருவது அவன்தான். எனக்கு அதில் பெயரே இல்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் நீர் ஒரு சனிக்கிழமை வந்து, ஒன்பது பக்கத்தில் எனக்கும் ஓர் இணையத்தளம் கட்டித் தந்தீர்.

அன்றைக்கு நீர் எடுத்த வகுப்பு இப்பவும் காதில் நிற்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு என்று ஒன்று உண்டாம். தேடுபொறி முதலில் பார்ப்பது அதைத்தானாம், தேடுகிறவன் கண்ணுக்கு நீல எழுத்தில் தெரிவதும் அதுதானாம். ஆகையால் என்ன தொழில், எந்த இடம் என்பதை முதல் நாலைந்து சொல்லுக்குள் வைத்து, ஒன்பது பக்கத்துக்கும் ஒன்பது விதமாகச் சின்னத் தலைப்பு எழுதி, என் பெயரைக் கடைசியில் போட வேண்டுமாம். கடைசியில்! கவுன்சில் வரி கட்டச் சொல்லி மிரட்டுகிறவன்கூட என் பெயரை முன்னுக்குப் போட்டுத்தானே மிரட்டுகிறான். நீர் எழுதிக் காட்டிய தலைப்பு 'தமிழ் டிரைவிங் லெசன், வெம்பிளி'. மீன் கடைப் பலகையில்கூட இதைவிட வடிவாக எழுதுவான்கள். ஆகவே நானே எழுதினேன்: 'யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், லண்டன் வெம்பிளியை வசிப்பிடமாகவும் கொண்ட திரு. நாகலிங்கம் பத்மநாதன் அவர்கள் திறம்பட நடத்திவரும் டிரைவிங் ஸ்கூல்.' இந்த நாட்டுத் தமிழ்ப் பேப்பர்களில் எங்கட ஆட்களை ஊர், பேர், மரியாதையோடு எழுதுவது ஒரே ஒரு பக்கத்தில்தான். அந்த நடையைத்தான் நானும் எடுத்தேன். ஒன்பது பக்கத்துக்கும் அதையே போடச் சொன்னேன். ஒரு மனிசனுக்குப் பிறப்பிடம் ஒன்றுதானே, பக்கத்துக்குப் பக்கம் மாறுமா? என் படத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கிறதென்று ஒரு குத்துவிளக்கும் வைப்பித்தேன்.

நீட்டுத் தலைப்பென்றால் மெஷின் நடுவில் வெட்டிப்போடும் என்று அப்பவே எச்சரித்ததாக இப்ப ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறீராம். எப்ப எச்சரித்தீர்? ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தின் நட்ட நடுவில் என் மாணவி யோகமலர் காரை நிற்பாட்டிவிட்டு, நாலு பக்கத்தாலும் லொறிக்காரர் ஹோர்ன் அடிக்க, கிளச்சை மிதிக்கட்டோ என்று என்னைக் கேட்டு அழுதுகொண்டிருந்தபோது என் போனுக்கு எடுத்து எச்சரித்தீர். நான் ஓம் ஓம் என்றது அவளுக்கு. அதை உமக்குச் சொன்ன சம்மதம் என்று எடுத்தது உமது கெட்டித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டிங் பலசரக்குக் கடைக்காரர் பீற்றர், என் போன் நம்பரைத் தொலைத்துவிட்டு, என் பெயரைக் கம்பியூட்டரில் அடித்துப் பார்த்திருக்கிறார். வந்து விழுந்தது என்ன? யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், லண்டன் வெம்பிளியை வசிப்பிடமாகவும் கொண்ட திரு. நாகலிங்கம் பத்மநாதன் அவர்கள். அதற்குப் பிறகு மூன்று புள்ளி. கீழேயும் அதே வசனம், அதற்குக் கீழேயும் அதே வசனம். மரண அறிவித்தல் போல அப்படித் தொடங்குகிற வசனத்தை முடிப்பதற்கு எந்த யாழ்ப்பாணத்தானும் மெஷினுக்காகக் காத்திருக்க மாட்டான். காலமானார் என்று தானே போட்டுக்கொள்வான். பீற்றர் சந்தேகத்தில் பக்கத்தைத் திறந்து பார்த்தாராம். அங்கே கோட்டும் ரையுமாக நான், பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு. மனிசன் உடனே கனடாவுக்குப் போன் எடுத்திருக்கிறார், கனடாக்காரர் ஜெர்மனிக்கு எடுத்திருக்கினம், ஒரு மணித்தியாலத்தில் என்னை முழு உலகத்திலும் சாகடித்துப் போட்டினம்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் போனை உமது அக்கா எடுத்தா. மறுபக்கத்தில் ஒரு பெண் குழறி அழுதிருக்கிறா. உமது அக்காவின் நல்ல குணம் உமக்குத் தெரியும்தானே, ஆர் எவர் என்று கேளாமல், அழுகிறவவுக்கு மரியாதை கொடுத்துத் தானும் ஐந்து நிமிஷம் கூட அழுதா. பிறகுதான் ஆர் மோசம் போனது என்று விசாரித்தா. பதில் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லையே, அவர் இஞ்சை இருந்து சாப்பிடுறாரே," எண்டா. துக்கத்தில் தவமலருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்தச் செய்தியும் அன்று பின்னேரமே கனடாவுக்குப் போய்விட்டது.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று சனம் சட்டியும் பிளாஸ்க்குமாக வரத் தொடங்கினது. கதவைத் திறக்கிறது நான். அடுத்த தெரு சிவனேஸ்வரி, இடியப்பமும் சொதியும் சுமந்து வந்தவ, என்னைக் கண்டதும் நான் உயிரோடு இருப்பதைப் பற்றி ஒரு சந்தோஷ வார்த்தை சொல்ல வேண்டாமா? மனிசரை ஏமாற்ற ஓர் அளவு வேணும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தனான் என்று பேசிவிட்டு, சொதிச் சட்டியைத் திருப்பிக் கொண்டு போய்விட்டா. இடியப்பத்தை மட்டும் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

திங்கள் காலை கிறிஸ்துராஜா வந்தான், கறுப்பு ரை கட்டி, கையில் மலர்வளையத்தோடு. என்னைக் கண்டு கொஞ்சம் பின்வாங்கினவன், பிறகு சமாளித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணையிட்டைப் படிக்கிற பிள்ளையளை நடுரோட்டிலை விடக்கூடாதெண்டு நேற்றே மூண்டு பேரையும் நான் பொறுப்பெடுத்திட்டன்."

நான் சாகவில்லையே, திருப்பித் தா என்றேன். டெஸ்ட் புக் பண்ணியாச்சாம், இனி ஏலாதாம். மலர்வளையத்தையாவது வைத்துவிட்டுப் போனானா என்றால் அதுவும் இல்லை. இராஜேந்திரன், எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆறு வருஷமாக விடியவும் பின்னேரமும் ஓடி உழைத்த பெயர், ஒரு காலைப் பொழுதில் அவனுடைய டயறிக்குள் போய்விட்டது. இப்ப எனக்கு மிச்சம் யோகமலர் ஒருத்தி மட்டும், அவளும் கம்பியூட்டர் பாராதபடியால்.

ஆகவே என் முடிவு இது. அந்தத் தளத்தை இன்றைக்கே இழுத்து மூடும். ஒரு வசனத்தை முழுதாக வாசிக்கப் பொறுமையில்லாத மெஷினிடமும், அதற்குக் கைகட்டிச் சேவகம் செய்கிற உம்மைப் போன்ற நிபுணர்களிடமும் என் பெயரை இனி விட்டுவைக்க மாட்டேன். பீற்றரின் கடைக் கண்ணாடியில் கையால் எழுதி ஒரு மட்டை ஒட்டுவேன். அதை ஒருவரும் நடுவில் வெட்ட மாட்டார்கள். வருகிற திங்கட்கிழமை பெற்றோல் ஸ்டேஷன்காரன் என்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறான். போகப் போறன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, நீரும் சொல்ல வேண்டாம்.

மாலினிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கம்பியூட்டர் தவிர்ந்த எந்தத் துறையிலும் முன்னுக்கு வர ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
இன்றைய திகதி வரை உயிரோடிருக்கும் அத்தான்,
நா. பத்மநாதன்

பி.கு.: வெள்ளி மத்தியானம். கடிதம் இன்னும் தபாலில் போடவில்லை. தளத்தை மூட வேண்டாம், அந்த ஒன்பது பக்கத்திலும் ஓரெழுத்தையும் தொட வேண்டாம். என் மரணச் செய்தியைப் போட்ட மூன்று தமிழ்த் தளங்களும் என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அப்படி இணைப்பு விழுந்தால் மெஷின் மேலே தூக்கிவிடும் என்று இன்று காலை நீர் போனில் சொன்னபோது உம்மை விசரன் என்று பேசி வைத்தது உண்மைதான். வைத்துவிட்டு, தமிழ் டிரைவிங் வெம்பிளி என்று அடித்துப் பார்த்தேன். முதலாவது நான், இரண்டாவது கிறிஸ்துராஜா. இதுவரைக்கும் பதினொரு பேர் பாடம் கேட்டுப் போன் எடுத்துவிட்டார்கள். பெற்றோல் ஸ்டேஷன்காரனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எடுக்கிற எல்லாரும், பத்மநாதன் செத்த பிறகு இப்ப ஆர் படிப்பிக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவருடைய தம்பி என்று சொல்லியிருக்கிறன். ஆனபடியால் இனி இங்கு வந்தால் ஆட்களுக்கு முன்னால் என்னை அத்தான் என்று கூப்பிட்டுவிடாதேயும். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்குப் பத்தாவதாக ஒரு பக்கம் போட வேண்டும். தலைப்பை நீரே எழுதும். தமிழ் டிரைவிங் லெசன், வெம்பிளி என்பது முன்னுக்கு வரட்டும். செத்தவரின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.